மண்ணுக்குள் மறைந்த பழைய இரும்பு உலைகளைத் தோண்டாமல் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நிலத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகம். மேலே தெரிவதெல்லாம் உழுத மண்ணும் ஆங்காங்கே நாலைந்து கருங்கசடுத் துண்டுகளும்தான். உலை எங்கே இருந்தது என்பதை மண்வெட்டி வைக்காமலே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் கருவி காட்டுவதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். இது குறித்துத் தொல்லியல் மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பழைய இரும்புத் தொழிற்கூடம் என்றால் நிலத்துக்கடியில் என்னதான் மிஞ்சியிருக்கும்?

இரும்பு மிஞ்சியிருக்காது. அதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். செய்த இரும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது வேலையின் கழிவும், வேலை நடந்த இடத்தின் அடித்தளமும்.

பழைய உலைகளில் இரும்பு உருகி ஓடவில்லை. தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். களிமண் உலையில் துருத்தி வைத்து ஊதினால் கிடைக்கும் வெப்பம் பொதுவாக 1100 முதல் 1250 டிகிரி வரைதான். அந்த வெப்பத்தில் தாதுவிலுள்ள இரும்பு திட நிலையிலேயே பிரிந்து, பஞ்சு போன்ற ஒரு கட்டியாகத் திரளும். தாதுவிலுள்ள மணலும் களிமண்ணும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு உருகி வழியும். அதுதான் கசடு, கிட்டம், சிட்டம் என்றும் சொல்வோம். சில வகை உலைகளில் அதை வெளியே ஓடவிட்டார்கள். வேறு சில வகைகளில் உலைக்குக் கீழே தோண்டிய குழிக்குள் அது இறங்கி அப்படியே உறைந்தது.

ஆக மண்ணுக்குள் இருக்கக்கூடியவை: உலையின் வெந்த களிமண் அடிப்பகுதி, கசட்டுக் குவியல், உடைந்த ஊதுகுழாய்கள், தாதுவை முன்கூட்டியே வறுத்த இடம், கரி மண்டிய மண், இரும்புக் கட்டியை அடித்துத் தட்டிய பட்டறைத் தரை. இவை ஒவ்வொன்றும் கருவிக்கு வேறு வேறு மாதிரி தெரியும்.

புவி இயற்பியல் ஆய்வு என்றால் என்ன?

நிலத்தைத் தோண்டாமல், அதன் காந்தத் தன்மை, மின்சாரத்தைக் கடத்தும் விதம், ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் விதம் ஆகியவற்றைத் தரைமேல் நின்று கட்டம் கட்டமாக அளந்து வரைபடமாக்குவது. இரும்புத் தொழிற்கூடங்களைப் பொறுத்தவரை இதில் காந்த ஆய்வுதான் முதல் வேலையாள். மற்றவை துணைக்கு வருபவை.

தொல்லியலில் இதன் முதல் பெரிய வெற்றி 1958இல் கிடைத்தது. இங்கிலாந்தின் வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் ஆய்வாளர் மார்ட்டின் எய்ட்கன் புரோட்டான் காந்தமானி என்ற காந்தப்புலம் அளக்கும் கருவியைக் கொண்டு ரோமானியர் காலத்து மட்பாண்டச் சூளைகளைக் கண்டுபிடித்தார். சூளைக்கே அப்படியென்றால், கசடும் சேர்ந்த இரும்பு உலை எவ்வளவு பலமாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

கசட்டில் இரும்பு இருக்கிறது, அதனால்தான் காந்தக் கருவி அதைக் காட்டுகிறது. அவ்வளவுதானே?

இல்லை. இந்தத் துறையில் நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கசட்டின் பெரும்பகுதி ஃபயலைட் என்ற இரும்புச் சிலிகேட். கூடவே வுஸ்டைட் என்ற இரும்பு ஆக்சைடும் கண்ணாடி போன்ற பொருளும் இருக்கும். இவற்றில் இரும்பு ஏராளம். ஆனாலும் சாதாரண வெப்பநிலையில் ஃபயலைட்டும் வுஸ்டைட்டும் மிகப் பலவீனமான காந்தத் தன்மை கொண்டவை. ஒரு கசடு காந்தத்தில் நன்றாக ஒட்டுகிறது என்றால், அதற்குள் சிறு துளிகளாக மாட்டிக்கொண்ட இரும்பு உலோகமோ மேக்னடைட் என்ற காந்தக் கனிமமோ இருக்கிறது என்று பொருள். அதனால்தான் ஒரே குவியலில் எடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்று காந்தத்தைப் பாய்ந்து பிடிக்கும், மற்றது சும்மா கிடக்கும்.

இதைவிட முக்கியமானது இரண்டாவது காரணம். களிமண்ணில் இயல்பாகவே இரும்பு ஆக்சைடுகள் உண்டு. அதைச் சுடும்போது அவை மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற வலுவான காந்தக் கனிமங்களாக மாறுகின்றன. மேக்னடைட் சுமார் 580 டிகிரிக்கு மேல் போனால் தன் காந்தத்தை இழந்துவிடும். பிறகு ஆறும்போது, அந்த நாளில் அந்த இடத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையிலேயே காந்தமாகி உறைந்துவிடும். இதற்கு வெப்ப எச்சக் காந்தம் என்று பெயர். உலையின் உட்சுவர் ஆயிரம் டிகிரியைத் தாண்டியது, ஆறியது, அதன்பின் நகரவே இல்லை. கடைசியாக அது ஆறிய நாளின் காந்தத் திசையை இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆக உலை தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள இரும்பு மட்டும் அல்ல. அது வெந்தது, ஆறியது, அசையாமல் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைக் காட்டிக்கொடுக்கின்றன.

அப்படியென்றால் வரைபடத்தில் உலையையும் கசட்டுக் குவியலையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மேலே சொன்ன ‘அசையாமல் இருப்பது’ இங்கேதான் உதவுகிறது.

கசட்டுக் குவியலில் ஒவ்வொரு துண்டும் எங்கோ ஆறி, உடைந்து, கூடையில் அள்ளி வீசப்பட்டது. ஒவ்வொன்றின் காந்தமும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். அதனால் குவியல் வரைபடத்தில் புள்ளிபுள்ளியாக, கறுப்பும் வெள்ளையும் தாறுமாறாகக் கலந்த ஒரு பரப்பாகத் தெரியும். உலை அப்படியல்ல. சிறிய இடத்தில், சீரான வடிவத்தில், ஒரு நேர்மறை முகமும் ஒரு எதிர்மறை முகமும் கொண்ட ஒற்றை இருமுனையாகத் தெரியும். அதன் அச்சு ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கும். பக்கத்தில் இன்னொரு உலை இருந்தால் அதுவும் அதே திசையைத்தான் காட்டும்.

எண்களில் பார்க்கலாம். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். மண் நிரம்பிய பழைய குழியோ வாய்க்காலோ அதில் சில நானோடெஸ்லா மாற்றத்தைத்தான் உண்டாக்கும். சாதாரண அடுப்பு சில பத்துகள். இரும்பு உலை நூற்றுக்கணக்கில் போகும், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும். பெரிய கசட்டுக் குவியலும் அதே அளவுக்குப் போகும். எனவே அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வரைபடத்தில் எது மிகப் பெரிதாகத் தெரிகிறதோ அதுதான் உலை என்று நினைத்துக் குழி போட்டால், பெரும்பாலும் குப்பைமேட்டில்தான் போய் நிற்போம். கசடு கொட்டிய இடம் உலையிலிருந்து சில மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கமாக இருப்பதே வழக்கம்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். குழிக்குள் கசடு இறங்கி உறைந்த வகை உலைகளில் அந்தக் கசட்டுக் கட்டியும் அசையாதது. அது சுவரோடு சேர்ந்து ஒரே திசையில் காந்தமாகியிருக்கும், அதனால் இன்னும் தெளிவாகத் தெரியும். டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்தில் ஸ்னோரப் என்ற இடத்தில் இப்படிப்பட்ட கசட்டுக் குழிகளைக் காந்த ஆய்வின் மூலமே இடம் கண்டு எண்ணிக்கை மதிப்பிட்டிருக்கிறார்கள். போலந்தின் ஷ்வியென்டோகிஷ்ஸ்கி மலைப்பகுதியில் உலைக்குழிகள் வரிசை வரிசையாக, திட்டமிட்டு நட்ட மரக்கன்றுகள் போல அமைந்திருக்கின்றன. அந்த வரிசை ஒழுங்கே கண்ணில் பட்டுவிடும்.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு. தொல்லியல் காந்த வரைபடங்களைக் கூட்டல் கழித்தல் 5 நானோடெஸ்லா என்ற குறுகிய எல்லைக்குள் வரைவது பழக்கம். இரும்புத் தளத்தை அப்படி வரைந்தால் முழுவதும் ஒரே கறுப்புக் கறையாகிவிடும். எல்லையைக் கூட்டல் கழித்தல் 500 வரை விரித்துப் பாருங்கள். கறைக்குள்ளிருந்து உலைகள் தனித்தனியாக எழுந்து வரும். அளவீட்டின்போது கருவியின் உச்ச வரம்பு தாண்டிவிடாமல் இருந்ததா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

உலைக்கு நேர் மேலே உச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஏன் தள்ளி வருகிறது?

பூமியின் காந்தப்புலம் நிலத்துக்குள் சாய்ந்து இறங்குவதால். அந்தச் சாய்வு இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பா போன்ற வட பகுதிகளில் புலம் செங்குத்துக்கு நெருக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. அங்கே நேர்மறை உச்சம் உலைக்குச் சற்றே தெற்கே தள்ளி இருக்கும். வடக்குப் பக்கம் மங்கலான எதிர்மறை நிழல் விழும்.

காந்த நடுக்கோட்டுக்கு அருகில் கதையே வேறு. அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அங்கே புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டம். மொத்தப் புலத்தை அளக்கும் கருவியை வைத்தால் உலைக்கு நேர் மேலே உச்சத்துக்குப் பதில் பள்ளம் வரும். வடக்கிலும் தெற்கிலும் சிறிய மேடுகள் இருக்கும். புலத்தின் செங்குத்துப் பகுதியை மட்டும் அளக்கும் கருவி என்றால், தெற்கே ஒரு நேர்மறை, வடக்கே ஒரு எதிர்மறை; உலை இரண்டுக்கும் நடுவில், வரைபடத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் இடத்தில் இருக்கும். ஐரோப்பிய உதாரணங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே நேர்மறை உச்சத்தின் மேல் குழி போட்டு உலையைத் தவறவிடுவார்கள். எந்த நாட்டில் வேலை செய்தாலும் அந்த இடத்தின் காந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டு, எதிர்பார்க்கும் வடிவத்தை முதலில் தாளில் வரைந்து பார்த்துவிட்டுக் களத்துக்குப் போவது நல்லது.

காந்த நடுக்கோட்டருகே இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்கு தெற்காக நீண்ட சுவரோ வாய்க்காலோ அதன் இரு முனைகளில் தவிர வேறெங்கும் சரியாகத் தெரியாது. தொழிற்கூடத்தைச் சுற்றிய கட்டடத்தைத் தேடும்போது இதை நினைவில் வையுங்கள்.

எந்தக் காந்தக் கருவி நல்லது?

அதிகம் பயன்படுவது ஃபிளக்ஸ்கேட் கிரேடியோமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு உணரிகள், நடுவே அரை மீட்டர் அல்லது ஒரு மீட்டர் இடைவெளி. இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால், நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் பூமிப் புலத்தின் ஏற்ற இறக்கம் தானாகக் கழிந்துவிடும். வேகமானது. மேலாக இருக்கும் சின்னப் பொருள்களை நன்றாகக் காட்டும். சீசியம் கருவி இன்னும் நுணுக்கமானது, மொத்தப் புலத்தை அளப்பது. இரும்பு உலை கொடுக்கும் சைகையே பலமானது என்பதால் இங்கே நுணுக்கத்தைவிட எவ்வளவு நெருக்கமாக அளந்தோம் என்பதுதான் பலன் தரும். இருக்கும் கருவியைக் கொண்டு நெருக்கமாக அளப்பதே என் தேர்வு.

கருவியைத் தூக்கி நடப்பவரிடம் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. பெல்ட் கொக்கி, கைப்பேசி, சாவி, காலணியின் உலோக வளையம், சில மூக்குக் கண்ணாடிச் சட்டங்கள், எல்லாம் சைகையைக் கெடுக்கும்.

எவ்வளவு நெருக்கமாக அளக்க வேண்டும்?

பெரிய நிலத்தை முதலில் சலித்துப் பார்க்க, ஒரு மீட்டர் இடைவெளியில் நேர்கோடுகளாக நடந்து, ஒவ்வொரு கோட்டிலும் கால் மீட்டருக்கு ஒரு முறை அளந்தால் போதும். தொழிற்கூடம் எங்கே என்று அந்த அளவில் தெரிந்துவிடும்.

ஆனால் பழைய உலைகள் பலவற்றின் உள்விட்டம் 30 செ.மீ. அளவுதான். அதை ஒரு மீட்டர் இடைவெளியில் பார்த்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்துவிடலாம், அல்லது கசட்டோடு சேர்ந்து குழம்பிவிடலாம். எனவே இரண்டாம் சுற்றில், சந்தேகமான பகுதியை மட்டும் அரை மீட்டர் அல்லது கால் மீட்டர் இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும். வடமேற்கு வேல்ஸில் கிராக்வெல்ட் வெஸ்ட் என்ற வரலாற்றுக்கு முந்தைய தளத்திலும், லுவின் டீ என்ற இடைக்காலத் தளத்திலும் ஆய்வாளர் பீட்டர் க்ரூவும் உடன் பணியாற்றியவர்களும் இப்படி மிக நெருக்கமாக அளந்துதான் உலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

எவ்வளவு ஆழம் வரை தெரியும்?

ஒரே பதில் இல்லை. சின்னப் பொருளின் காந்தச் சைகை தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. உணரியிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் சைகை எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு உணரிக் கருவியில் அது இன்னும் வேகமாகக் குறையும். வலுவான உலை என்பதால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மண்ணுக்கு அடியில் இருந்தாலும் பிடித்துவிடலாம். ஆற்று வண்டல் பல மீட்டர் மூடிய இடங்களில் சிரமம்.

ஆழத்தை ஓரளவு மதிப்பிடவும் செய்யலாம். கூர்மையான, குறுகிய சைகை என்றால் பொருள் மேலே இருக்கிறது. அகலமாக, மெதுவாக ஏறி இறங்கினால் ஆழத்தில் இருக்கிறது.

உருக்கிய இடம் வேறு, அடித்துச் செய்த பட்டறை வேறு. பட்டறையைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் வழி வேறு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை இது.

கொல்லனின் உலைக்களம் சிறியது. தரைமட்டத்துக்கு மேலே இடுப்புயரத்தில் இருந்திருந்தால் அடையாளமே இல்லாமல் அழிந்திருக்கும். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் மேற்பரப்பிலிருந்து மெல்லிய செதில்கள் உதிரும். இரண்டு துண்டுகளை ஒட்டவைக்கும்போதும், புதிதாக எடுத்த இரும்புக் கட்டியை அடித்து இறுக்கும்போதும் உருகிய கசடு துளியாகத் தெறித்துக் குட்டி உருண்டைகளாக உறையும். இரண்டுமே பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். கண்ணுக்குக் கரித்தூள் போலத்தான் இருக்கும். ஆனால் மேக்னடைட் நிறைந்தவை, காந்தத்தில் சட்டென்று ஒட்டும். அவ்வளவு சிறியவற்றை யாரும் பெருக்கி அள்ளவில்லை. அடித்த இடத்திலேயே தரையில் மிதிபட்டு இறுகிப்போயின.

அதனால் பட்டறையைத் தேட மண்ணின் காந்த ஏற்புத்திறனை, அதாவது மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை, அளப்பதே சரி. வட்டத் தட்டு போன்ற உணரியைத் தரையில் வைத்தால் சுமார் 10 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணைச் சொல்லும். உழவு மண்ணுக்குள் செதில்கள் கலந்திருந்தால் அந்தப் பகுதி தனியே உயர்ந்து தெரியும். பொதுவாக மேல்மண் அடிமண்ணைவிடக் காந்தத் தன்மை அதிகம் கொண்டது; இதை 1955இல் லெ போர்ன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். எனவே சுற்றுப்புற மண்ணோடு ஒப்பிட்டுத்தான் ‘உயர்ந்தது’ என்று சொல்ல வேண்டும்.

அகழாய்வில் பட்டறைத் தரை வெளிப்பட்டதும் அரை மீட்டர் அல்லது கால் மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரே அளவு மண் எடுத்து, காந்தத்தால் செதில்களைப் பிரித்து எடை போடுவார்கள். அந்த எடைகளை வரைபடமாக்கினால் பட்டடைக்கல் நின்ற இடம் தெரிந்துவிடும்: சுற்றிலும் செதில் மண்டியிருக்க, நடுவே கல் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். கொல்லர் எந்தப் பக்கம் நின்று அடித்தார் என்பதைக்கூட ஊகிக்க முடியும். இதைக் கவனிக்காமல் தரையைச் சுரண்டி வெளியே கொட்டிவிட்டால் போனது போனதுதான். அகழாய்வுக் குழுவில் ஒரு சின்னக் காந்தமாவது இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மின்தடை ஆய்வு, தரையூடுருவும் ரேடார் இவையெல்லாம் தேவையா?

காந்த ஆய்வு முடிந்த பிறகு, அது சொல்லாததைக் கேட்பதற்குத் தேவை.

காந்த வரைபடத்தில் கசட்டுக் குவியலின் சத்தம் பக்கத்திலுள்ள சுவர்களையும் குழிகளையும் மறைத்துவிடும். மின்தடை அளவீடு காந்தத்தைப் பொருட்படுத்தாது. ஈரம் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்கும். எனவே கட்டட அடித்தளம், தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் போன்றவை அதில் வெளிப்படலாம். ரேடார் ஆழத்தையும் அடுக்கையும் நன்றாகக் காட்டும், ஆனால் ஈரக் களிமண்ணில் அலைகள் சீக்கிரமே தேய்ந்துவிடும். காய்ந்த மணலில் அது ராஜா.

கசட்டுக் குவியலின் பருமனை அளக்க ஒரு நல்ல வழி தூண்டு முனைவாக்கம். நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துவார்கள். கசட்டிலுள்ள உலோகத் துகள்கள் சிறிது மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருந்து மெதுவாக விடும். வெறும் மண்ணில் இது மிகக் குறைவு. பிரான்ஸின் பிரனீஸ் மலைப்பகுதியிலுள்ள காஸ்டெல்–மினியே தளத்தில் இந்த முறையால் கசட்டின் கனஅளவையும் எடையையும் மதிப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். சூடானின் மெரோவே நகரில் கசட்டு மேடுகள் ஒளிந்திருக்கவே இல்லை, தூரத்திலிருந்தே தெரியும். அங்கே கேட்கப்பட்டது ‘எங்கே’ என்பதல்ல, ‘மேட்டுக்குள் என்ன, எவ்வளவு’ என்பது. அதற்குப் புவி இயற்பியலையும் அகழாய்வையும் இணைத்துத்தான் விடை தேடினார்கள்.

கருவியோடு நேராக வயலில் இறங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் நடந்து பாருங்கள். உழுத நிலத்தில் கசடு, வெந்த களிமண், ஊதுகுழாய்த் துண்டு எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரை வெட்டுகளைப் பாருங்கள். தாது, மரம், தண்ணீர் மூன்றும் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஊர்ப்பெயரும் வயல்பெயரும்கூடத் துப்புக் கொடுக்கும். காட்டுப் பகுதி என்றால் லிடார் என்ற வான்வழி லேசர் அளவீடு மரங்களுக்கடியிலுள்ள கசட்டு மேடு, கரி சுட்ட திட்டு, தாது தோண்டிய குழி ஆகியவற்றைக் காட்டிவிடும்.

உலை வைப்பவர் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிப்பது கருவியைவிட வேகமாக வழிகாட்டும் சமயங்கள் உண்டு. இலங்கையின் சமனலவெவ பகுதியில் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்த உலைகள் மலைச்சரிவுகளின் மேற்கு முகத்தில் இருந்தன. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றுக்குத் துருத்தி. 1996இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது, காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியுமா என்ற சந்தேகத்துக்குச் சோதனை உலை கட்டியே விடை சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட நிலத்தில் பள்ளத்தாக்கின் அடிவாரத்தைக் கட்டம் கட்டமாக அளந்துகொண்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

எவையெல்லாம் ஏமாற்றும்?

இன்றைய இரும்புதான் முதல் எதிரி: ஆணி, கலப்பை முனை, கம்பி வேலி, குழாய், மின்கம்பம். வேலிக்குப் பக்கத்தில் எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம். புதைந்த இரும்புத் துண்டின் காந்தத் திசை எப்படி வேண்டுமானாலும் இருக்கும். உலையினுடையது அப்படி இருக்காது என்பது இங்கேயும் கைகொடுக்கும்.

பசால்ட் போன்ற எரிமலைப் பாறைகள் தாமே வலுவான காந்தம். செம்புரைக்கல் நிலங்களில் இயற்கையான இரும்புக் கட்டிகள் வரைபடத்தை நிரப்பிவிடும். மின்னல் விழுந்த இடமும் காந்தமாகிவிடும். அது பெரும்பாலும் நட்சத்திரம் போல, கிளைகள் விரிந்து, கூட்டல் கழித்தல் மாறிமாறித் தெரியும். செங்கல் சூளை, மட்பாண்டச் சூளை, சுண்ணாம்புக் காளவாய், காட்டுத்தீயில் உள்ளுக்குள்ளேயே எரிந்த மரத்தின் அடிக்கட்டை ஆகியவையும் வெந்த மண்ணை விட்டுச்செல்பவை. சூளை என்றால் உருவம் பெரிது, பக்கத்தில் கசடு இருக்காது. சந்தேகம் இருந்தால் கைத்துரப்பணம் ஒன்றைச் செருகி எடுத்து மண்ணைப் பார்ப்பது பத்து நிமிட வேலை, அதற்கு உரிய அனுமதி இருக்கும் பட்சத்தில்.

உலையின் காலத்தை இந்த ஆய்வு சொல்லுமா?

நேரடியாகச் சொல்லாது. 200 ஆண்டு பழைய உலையும் 2000 ஆண்டு பழைய உலையும் வரைபடத்தில் ஒரே மாதிரி இருக்கலாம்.

ஆனால் ஒரு வாசல் திறக்கிறது. பூமியின் காந்த வடக்கு நிலையானதல்ல. லண்டனில் 1580இல் திசைகாட்டி உண்மை வடக்கிலிருந்து 11 டிகிரி கிழக்கே காட்டியது. 1820 வாக்கில் 24 டிகிரி மேற்கே காட்டியது. உலையின் சுவர் உறைந்த நாளின் திசையை வைத்திருப்பதால், அந்தத் திசையை அந்தப் பகுதியின் காந்த வரலாற்று வளைகோட்டோடு ஒப்பிட்டுக் காலம் கணிக்கலாம். இதற்கு அகழ்ந்து, திசை குறித்த மாதிரிகளை எடுத்து ஆய்வகத்தில் அளப்பதே வழக்கம். வேல்ஸில் ஒரு படி மேலே போய், மேற்பரப்புக் காந்த வரைபடத்திலிருந்தே உலைகளின் காந்தத் திசையைக் கணக்கிட முயன்றார்கள்.

கசட்டுக்குள் மாட்டிய கரியைக் கார்பன் கணிப்புக்கு அனுப்புவது மற்றொரு வழி. முதிர்ந்த மரத்தின் உட்பகுதிக் கரியாக இருந்தால் உலையைவிட வயது கூடுதலாக வரும். எனவே சிறு கிளையின் கரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எவ்வளவு இரும்பு செய்தார்கள் என்று கணக்கிடலாமா?

தோராயமாக. கசட்டின் கனஅளவு, அதில் காற்றிடைவெளியும் மண்ணும் எவ்வளவு, தாது மற்றும் கசட்டின் வேதியியல் கூறு இவை வேண்டும். தாதுவில் வந்த இரும்பிலிருந்து கசட்டில் போன இரும்பைக் கழித்தால் மிச்சம் கிடைத்தது. ஒரு சோதனைக் குழியாவது போட்டுக் கசட்டை எடை போடாமல் வரும் எண்களை நான் ஏற்பதில்லை.

மெட்டல் டிடெக்டர் போதாதா?

போதாது. அது உலோகத் துண்டைத் தேடுவதற்கானது. வெந்த களிமண்ணை ஒழுங்காகக் காட்டாது. கசட்டு நிலத்தில் ஓயாமல் கத்தும். வரைபடமும் தராது. பல நாடுகளில் தொல்லியல் தளத்தில் அதைப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம்.

வரைபடம் கிடைத்துவிட்டது. எங்கே குழி போடுவது?

உலை என்று நினைக்கும் ஒரு இருமுனையைத் தேர்ந்தெடுங்கள். கசட்டுப் பக்கமும் உலைப் பக்கமும் ஒரே குழியில் வரும்படி நீளமாகப் போடுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தரையில்தான் ஆட்கள் நின்று வேலை செய்தார்கள். துருத்தி வைத்த இடம், இரும்புக் கட்டியை வெளியே இழுத்துப் போட்டு அடித்த இடம் அங்கேதான் இருக்கும். உலையை முதலில் பாதியாக மட்டும் வெட்டுங்கள். காலக்கணிப்பு மாதிரி எடுக்கும் வரை சுவரை அசைக்காதீர்கள். திருத்தாத மூல அளவீடுகளையும் கட்டங்களின் ஆயத்தொலைவுகளையும் பத்திரமாகச் சேமியுங்கள்.

ஆய்வில் ஒன்றுமே தெரியவில்லை. அங்கே உலை இல்லை என்று எழுதிவிடலாமா?

எழுத வேண்டாம். உலை முழுக்க உழவில் சிதைந்திருக்கலாம். அப்போது துண்டுகளின் திசைகள் கலைந்து இருமுனை மறைந்துவிடும். வண்டலுக்கு அடியில் ஆழமாக இருக்கலாம். காந்தம் மிகுந்த பாறை அதை மூடியிருக்கலாம். கோடுகளின் இடைவெளி அதிகமாக இருந்திருக்கலாம். எந்தக் கருவி, எந்த இடைவெளி, உணரி தரையிலிருந்து எவ்வளவு உயரம், மண் எப்படி, பாறை எது என்று குறித்து, ‘இந்த முறையில் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். அப்புறம் மேல்மண்ணில் நூறு இடங்களில் காந்த ஏற்புத்திறனை அளந்து பாருங்கள். சிதைந்த உலையின் வெந்த மண் எங்கும் போய்விடவில்லை, உழவுச் சாலோடு பரவித்தான் கிடக்கும்.